தப்புக்காரருக்கும் ஒரு மைக்

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

இலங்கையில், மாத்தளை மாவட்டத்தில், ரத்தொட்டைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எங்கள் ஊருக்கு வந்து ஒரு நாள் வாசிக்க வேண்டும். கொழும்புக்கு அல்ல, யாழ்ப்பாணத்துக்கும் அல்ல, மாத்தளைக்கு.

தமிழ்நாட்டு இசைக்காரர்கள் இந்த நாட்டுக்கு வராமல் இல்லை. வந்தால் கொழும்பில் சுகததாச அரங்கு, அதை விட்டால் யாழ்ப்பாணத்தில் முற்றவெளி. மலையகத்தின் பக்கம் திரும்புகிறவர்கள் நுவரெலியாக் குளிருக்கு ஒரு சால்வையைப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தப் படத்திலும் மாத்தளை வராது. தேயிலை, றப்பர், கொக்கோ, மிளகு எல்லாம் கலந்து கிடக்கிற மாவட்டம் இது. சிகிரியாவும் தம்புள்ளையும் இந்த மாவட்டத்தில்தான் என்பதால் சுற்றுலாப் பேருந்துகள் எங்கள் நகரத்தைத் தாண்டிப் போகும். வாசனைத் தோட்டத்தில் கறுவா வாங்க நிற்கும். பாட்டுக்காக இங்கே யாரும் நின்றதாக நான் அறியேன்.

உங்களை நாங்கள் முதலில் கண்டது கைப்பேசியில். 2018 ஜனவரி 6ஆம் திகதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் உங்கள் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய நீங்கள் 19 பேரும் கோட் சூட் போட்டுக்கொண்டு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றினீர்கள். எங்கள் தோட்டத்தில் மேல் லயத்து, அதாவது மேல் வரிசை வீடுகளின், முடக்கில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகப் பிடிக்கும். வேலை முடிந்து பொடியன்கள் அங்கே குந்தியிருப்பார்கள். ஒருவன் போட்ட டேட்டாவில் ஐந்து பேர் பார்ப்பார்கள். சாதி ஒழிப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் என்ற பெயர் எங்களில் அநேகம் பேருக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்கவில்லை. உங்கள் குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் அந்த முடக்கில்தான் கிடைத்தது.

பிறகு ஒருமுறை உங்களை நேரிலும் பார்த்தேன். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் இங்கிருந்து அனுப்பப்பட்ட என் அம்மாயியின் தங்கை குடும்பம் கூடலூரில் இருக்கிறது. அங்கே ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்புகிற வழியில், சென்னையில் உங்கள் நிகழ்ச்சி ஒன்று அமைந்தது. கைப்பேசி உங்கள் பாட்டிலிருந்து எதைத் திருடி வைத்திருந்தது என்று முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. பேஸ் கிட்டாரும் கட்ட மோளமும் சேர்ந்து விழுகிறபோது காதை முந்திக்கொண்டு நெஞ்செலும்புக்குக் கேட்கிறது. சொற்களும் வேறாகத் தெரிந்தன. வீடியோவில் கோபமாகக் கேட்ட வரி நேரில் நக்கலாக இருந்தது. பாடுகிறவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்ததை எந்தக் கெமராவும் எனக்குக் காட்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் பாடகருக்கு முன்னால் சொல்லி முடித்துவிட்டு, 'நான் சொன்னேன்ல' என்பதுபோல என்னைப் பார்த்தார். நிகழ்ச்சிக்குப் போன என் மகிழ்ச்சியில் பாதி அந்தப் பெரியம்மாவால் வந்தது.

ஆனாலும் என்னைப் பிடித்து உலுக்கியது பாட்டுகள் அல்ல. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே தாளக்காரர்கள் மட்டும் தனியாக வாசித்தார்கள். அந்த அடி எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் கேட்கிற அடி. வட சென்னையில் கானா சாவு வீடுகளில் வளர்ந்தது என்று வாசித்திருக்கிறேன்; வாசித்தது மண்டையில் இருந்தது, இது காலில் ஏறியது. எங்கள் ஊரில் அந்த அடி கேட்டால் சின்னப் பிள்ளைகளைக் காம்பறாவுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அங்கே அதே அடிக்குக் கூட்டம் விசில் அடித்தது. வாசித்தவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

எங்கள் தப்புக்காரரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வந்தால் சந்திக்கப் போகிறவர் அவர்தான். தப்பு மேளம் எங்களோடு கடல் கடந்து வந்தது. ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுகிற இடத்துக்கு, கூப்பிட்டது தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு ரதியையும் மன்மதனையும் ஆட வைப்பது தப்பு. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், கரகம், தீமிதிப்பு எதுவும் அது இல்லாமல் நடக்காது. கலியாணத்துக்கும் வேண்டும், கருமாதிக்கும் வேண்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் வேறு வேறு அடி உண்டு. தூரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் அடியைக் கேட்டே கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இத்தனை தெரிந்த மனிதர் கோயில் திருவிழாவில் எங்கே நிற்கிறார்? வாசலுக்கு வெளியே. ஊர்வலம் புறப்படுகிறபோது முன்னால் போகலாம். சாமி உள்ளே போனதும் அவர் மரத்தடிக்குப் போக வேண்டும். சாப்பாடு கடைசியில் வரும். கூலி கேட்டு வாங்க வேண்டும். அதனால்தான் அவர் மகன் தப்பைத் தொடுவதில்லை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்று, ஊரில் கேட்டால் 'அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோட்டத்தில் சாதி இல்லை, எல்லோரும் ஒரே லயத்துக்காரர் என்று உங்களிடம் யாராவது மேடையில் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். கங்காணிமார் ஆள் கட்டியபோதே சாதி பார்த்துத்தான் கட்டினார்கள். லயங்களும் அப்படியே பிரிந்தன. இன்று பொதுவில் பேசமாட்டோம். கலியாணப் பேச்சில் பேசுவோம். திருவிழாக் கணக்குப் புத்தகத்தில், தப்புக்காரருக்குக் கொடுக்கிற தொகைக்கும் வெளியூர் இசைக்குழுவுக்குக் கொடுக்கிற தொகைக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில் எழுதியும் வைப்போம்.

அந்த வெளியூர் இசைக்குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிழாக் கடைசி இரவில் எங்கள் மைதானங்களில் 'இசை நிகழ்ச்சி' நடக்கும். கீபோர்ட், பேட், ஒரு கிட்டார், எஸ்.பி.பி. குரலில் ஒருவர், ஜானகி குரலில் ஒருவர். எனக்கும் பிடிக்கும். மழை வந்தாலும் படங்கைப் போர்த்திக்கொண்டு நின்று கேட்பேன். சிங்களப் பக்கத்தில் மியூசிக்கல் ஷோ என்றால் விடிய விடிய நடக்கும், அங்கே தங்கள் சொந்தப் பாட்டோடு வருகிற குழுக்கள் ஏராளம். 'ஜிப்சீஸ்' சுனில் பெரேரா நாட்டு நடப்பை நக்கலடித்துப் பாடியே அரை நூற்றாண்டு ஓட்டினார். எங்கள் மேடையில் சொந்தப் பாட்டு என்று ஒன்று வருவதே அபூர்வம். வந்தாலும், அடுத்த நிமிடம் பின்னாலிருந்து ரஜினி பாட்டுக் கேட்டுக் குரல் வரும்.

இந்த நாட்டுத் தமிழருக்குச் சொந்தப் பொப் இசை இல்லாமல் இல்லை. ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் 1970களில் பாடியவை உங்கள் ஊர் வரை வந்தன. 'சுராங்கனி'யைத் தமிழ்ச் சினிமாவே எடுத்துக்கொண்டது. அவை கடற்கரைப் பாட்டுகள். மீன் இருக்கும், கள் இருக்கும். கொழுந்துக் கூடை இருக்காது.

மலைக்கென்று ஒருத்தர் இருந்தார். மீனாட்சி அம்மை. தஞ்சாவூரிலிருந்து வந்து தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவி. 1930களிலும் 40களிலும் தொழிலாளர் கூட்டங்களில் ஏறி, சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் தானே கட்டிய பாட்டுகளைப் பாடினார். பேச்சைக் கேட்க வராதவர்களும் பாட்டைக் கேட்க வந்தார்கள். ரெக்கோர்ட் கம்பெனி இல்லை, சினிமா இல்லை, சொந்தச் சொல், சொந்தக் குரல், துரைமாருக்குப் பிடிக்காத விஷயம். சுயாதீன இசை என்று இன்று சொல்கிறோமே, அதற்கு இதைவிட வேறு என்ன இலக்கணம்? எழுத்தில் மாத்தளைக்குப் பஞ்சமில்லை. மலரன்பன், வடிவேலன், சோமு என்று வாசிக்க வரிசையாக ஆட்கள் இருக்கிறார்கள். மீனாட்சி அம்மைக்குப் பிறகு மேடையில் அந்த வரிசை தொடரவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி, நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற பாட்டுக்கு வருகிறேன். 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. எங்களுக்கு அந்த மாதம் இன்னொன்றாலும் நினைவிருக்கிறது: பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாயாக வர்த்தமானியில் ஏறியது அதே மார்ச்சில்தான். ஒரு பக்கம் ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்ற சண்டை. மறுபக்கம் எல்லாப் பொடியன் கையிலும் அந்தப் பாட்டு. அந்தப் பாட்டை எழுதிப் பாடிய, உங்கள் மேடையில் நின்று வளர்ந்த அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர் என்று சொன்னபோது இங்கே பல வீடுகளில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் கணக்கில் வைக்கப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று பிரிக்கப்பட்டார்கள். பிரிந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அம்மாயி அந்தக் கோச்சிக்குப் பின்னால் ஓடியதை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மாயி மட்டும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்படிப் பேசாமல் போன ஒன்று கோடிக்கணக்கான பேர் ஆடுகிற பாட்டாகத் திரும்பி வந்ததும் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அப்புறம் சண்டைகள் வந்தன. 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே பாடப்பட்டது. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசும் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று சொன்னார். யார் எழுதியது, யார் மெட்டு, யார் குரல் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நான் அறிவின் பக்கம்தான். ஆனால் அந்தச் சண்டை முழுக்கத் தேயிலைத் தோட்டம் ஒரு பின்னணித் தகவலாகவே நின்றது. வள்ளியம்மாளோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்து, கோச்சி ஏறாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே லயத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை. இந்த அழைப்பு அந்த நினைப்புக்காகத்தான்.

ஏன் மாத்தளை என்று கேட்பீர்கள். கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கிய சனங்கள் காட்டு வழியே நடந்து மலையைத் தொட்ட இடம் இது. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல். அதற்கு முன் இந்த வழியே வந்தவர்கள் எல்லோரும் கால்நடையாக வந்தவர்கள். 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200 வருடத்தை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. வழியெங்கும் சிங்கள, முஸ்லிம் ஊர்க்காரர்களும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். நீங்கள் நடக்க வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது. அதில் வந்து ஏ9 வீதியைப் பிடித்தால், மதவாச்சியில் அந்தப் பழைய வழி உங்களோடு சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து மாத்தளை வரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள், போதும்.

வந்தால் எப்படி நடத்த வேண்டும் என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. விஐபி நாற்காலி வரிசை வேண்டாம். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சியில் தடுப்புகள் உடைந்து கூட்டம் உள்ளே புகுந்ததை உலகமே பார்த்தது. எல்லோரும் பொடியன்களைத் திட்டினார்கள். தூரத்தில் நின்று திரையைப் பாருங்கள் என்று கட்டிவைத்த வேலியைப் பற்றி யாராவது யோசித்தார்களா தெரியவில்லை. எங்கள் மைதானத்தில் முன்வரிசை, கூடை இறக்கிவிட்டு வருகிற பெண்களுக்கு. அதற்காகவே நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடிய வேண்டும். இரவு நிகழ்ச்சி என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் ஆண்கள்தான் கேட்பார்கள். ஏழு மணிக்குப் பிறகு மேலே போக பஸ் இல்லை, திங்கட்கிழமை விடிந்தால் பெரட்டு. சம்பள நாள் பத்தாம் திகதி. அதை ஒட்டிய ஞாயிறு என்றால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கவும் கையில் காசிருக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வேண்டாம், மழை எங்களை விடாது. அட்டை உங்களை விடாது.

சிங்களப் பொடியன்களும் வருவார்கள். வரக்காமுறை, உக்குவளைப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள். பாதிச் சொல் புரியாவிட்டாலும் அவர்களுக்கு ஆடத் தெரியும். எங்களைவிட நன்றாகவே ஆடுவார்கள்.

கடைசிப் பிடிவாதம்தான் பெரியது. நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். கம்மடுவ, எல்கடுவ, ரத்தொட்டைப் பக்கங்களிலிருந்து தப்புக்காரர்களைக் கூட்டி வருகிறோம். அவர்களோடு உட்கார்ந்து ஒரு பாட்டாவது கட்ட வேண்டும். வரவேற்புக்கு வாசலில் நின்று அடித்துவிட்டு ஒதுங்குகிற பழைய ஏற்பாட்டுக்கு நான் சம்மதிக்கமாட்டேன். மேடையில், உங்களுக்குப் பக்கத்தில், ஆளுக்கொரு மைக். போஸ்டரில் உங்கள் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் அவர்கள் பெயர். உங்கள் ஒருவருக்கு என்ன தொகையோ அவர்களில் ஒருவருக்கும் அதே தொகை. கட்டிய பாட்டைப் பிறகு வெளியிட்டால், எழுதியவர், அடித்தவர், பாடியவர் பெயர்கள் முதல் நாளே தாளில் ஏறி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு நடந்ததைப் பார்த்தபின் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நீங்களும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்; சொன்னால் உங்கள் குழுவின் பெயரை நான் திருப்பிக் கேட்பேன்.

காசுக்கு வழி யோசித்திருக்கிறோம். மாத்தளை நகரத்துக் கடைக்காரர்கள், கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பொடியன்கள், கட்டாரில் இருப்பவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தங்க நட்சத்திர ஹோட்டல் கிடையாது. ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் குறையாமல் கிடைக்கும். ஜெனரேட்டர் பேசியாயிற்று. பாடசாலை மைதானத்துக்குக் கடிதம் தட்டெழுதி வைத்திருக்கிறேன், திகதி மட்டும் வெற்றிடம்.

திகதியை மாசிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மாசி பிறந்தால் மாத்தளையில் முத்துமாரியம்மனுக்கு ஐந்து தேர் இழுக்க வேண்டும், தோட்டங்களில் காமன் கம்பம் நட்டுவிடுவார்கள். அப்புறம் நீங்களே வந்து கூப்பிட்டாலும் தப்புக்காரர்கள் கையில் அகப்படமாட்டார்கள்.

அன்புடன்,
மேல் லயத்து முடக்கிலிருந்து ஒரு ரசிகை